உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு நடமாடும் குடில்

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டு மக்கள் புறப்பட்டபோதும், 2008, 2009 ஆண்டுகளில் வன்னிக்குள் ஊர் ஊராக நகர்ந்தபோதும், உழவு இயந்திரப் பெட்டியே பல குடும்பங்களுக்கு வீடாயிற்று. இன்றும் வெள்ளத்தினாலோ காணிக்குத் திரும்ப முடியாமையினாலோ வெளியில் தங்க நேரும் குடும்பத்திற்கு அது உதவும். ஆனால் நாளை நெல் ஏற்றவும் அதே பெட்டிதான் வேண்டும். ஆகவே துளையிடாமல், வெல்டிங் செய்யாமல், அரை நாளில் கழற்றக்கூடிய குடிலாக அதை அமைக்கும் முறையைப் பார்ப்போம்.

முட்டும் கூரையும்

இயந்திரத்திலிருந்து கழற்றிய பெட்டியை மட்டமாக நிறுத்தி, இரண்டு சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் கல் அடை வையுங்கள். முன்புறத்துக்கு மட்டுமன்றிப் பின்புறத்துக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இருவர் பின்னால் ஏறியதும் பெட்டி குடைசாயும்.

பக்கப் பலகைகளின் உட்புறமாக ஆறு கம்புகளை நிறுத்தி, கட்டுக்கம்பியால் இறுக்கி, நடுவில் முகட்டுக் கம்பு வைத்துத் தறப்பாள் போடலாம். தகரம் பாரம் கூடியது; பகலில் வெக்கையும் தரும். தறப்பாளுக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கிடுகு கட்டினால் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். தறப்பாளை ஒரு பக்கம் நீட்டிக் கட்டினால் சமைக்கவும் இருக்கவும் நிழல் கிடைக்கும். 10 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள பெட்டியில் சிறுவர்களும் வயோதிபரும் ஈரம் படாமல் படுக்கலாம்.

தண்ணீர்

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 200 லீற்றர் பரல் நிறைந்தால் 200 கிலோவுக்கு மேல். ஆகவே பரலைப் பெட்டிக்கு வெளியே, மூன்றடி உயரக் கல் மேடையில் வைத்து, அடியில் குழாய் பூட்டுங்கள். பயணத்தின்போது பரல் வெறுமையாக இருக்கட்டும். குடிநீரைக் கான்களில் நிரப்பி அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். குடிநீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். விறகு இல்லாதபோது, தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்ரிக் போத்தல்களில் நிரப்பி 6 மணி நேரம் நல்ல வெயிலில் கிடத்தலாம். வானம் மூடியிருந்தால் இரண்டு நாட்கள் வேண்டும்.

வெளிச்சம்

இயந்திரத்தின் பற்றரியில் விளக்கு எரித்தால் காலையில் இயந்திரம் ஸ்ராட் வராது. வேறு பற்றரி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு இதுதான்: 5 வாற் எல்ஈடி மின்குமிழ் மூன்று, 4 மணி நேரம் எரிய 60 வாற்-மணி, இரண்டு கைத்தொலைபேசிகளுக்கு 20, மொத்தம் 80. 12 வோல்ற், 40 அம்பியர்-மணி பற்றரியில் 480 வாற்-மணி உண்டு. பாதிக்கு மேல் இறக்கினால் பற்றரி விரைவில் பழுதாகும். ஆகவே 240ஐ, அதாவது மூன்று இரவுகளுக்கானதைப் பாவிக்கலாம். நல்ல வெயிலில் 50 வாற் சூரியத் தகடு ஒன்று நாளாந்தத் தேவையை ஈடுசெய்யும்.

தகட்டுக்கும் பற்றரிக்கும் இடையில் சார்ஜ் கொன்ரோலர் அவசியம். முதலில் பற்றரியையும் பின்பு தகட்டையும் அதில் தொடுங்கள். கழற்றும்போது தகடு முதலில். பற்றரியின் நேர்முனைக்கு அருகிலேயே 10 அம்பியர் பியூஸ் போடுங்கள். வயர் உரசினால் கிடுகில் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். சார்ஜ் ஏறும்போது பற்றரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிவரும். அதைக் காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்குத் தூரமாக வையுங்கள்.

அடுப்பும் மலசலகூடமும்

மழை எவ்வளவு பெய்தாலும் தறப்பாளுக்குள் கரி அடுப்பு மூட்டக்கூடாது. அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். சமையல் வாயு காற்றிலும் பாரமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டரும் வெளியிலேயே இருக்கட்டும்.

மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர், அதாவது 100 அடி தள்ளி அமைய வேண்டும். குளித்த, கழுவிய நீரைச் சிறு குழிக்குத் திருப்பி, பக்கத்தில் இரண்டு வாழைக்குட்டி நடுங்கள்.

கையில் காசு குறைவென்றால் முட்டும் தறப்பாளும் முதலில், தண்ணீர்ப் பரல் அடுத்து, வெளிச்சம் அதன் பின்பு. இடம் மாறும்போது பெட்டிக்குள் எவரையும் படுக்க விடாதீர்கள். போல்ட், கம்பி, கயிறு அனைத்தையும் ஒரு சாக்கில் சேர்த்து வையுங்கள். அடுத்த இடத்தில் இருட்டுமுன் கூரை போட அது உதவும்.