‘எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்!’ – உஷார்!

ரத்தக்கொதிப்பு வலிக்காது. சர்க்கரையும் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த ‘ஸ்டெப்ஸ்’ என்ற சுகாதார ஆய்வில், ரத்தக்கொதிப்பு இருந்தவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரையில் 10.8 சதவீதம். மிச்சமிருந்தவர்களில் பலருக்கு நோய் இருப்பதே தெரியாது. கேட்டிருந்தால் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்றிருப்பார்கள். பொய்யில்லை, அப்படித்தான் நம்புகிறார்கள். ஆபத்தே அங்குதான்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? பாதி உடம்பிலிருந்து, பாதி வசிக்கும் தெருவிலிருந்து. 2002-இல் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் ஒரு விசித்திரத்தைச் சுட்டிக்காட்டினார். அன்றைய கணக்கில், இந்திய மாநிலங்களில் கேரளத்தில்தான் ஆயுள் அதிகம், ‘எனக்கு நோய் இருக்கிறது’ என்று சொல்பவர்களும் அங்கேதான் அதிகம். பீகாரில் ஆயுள் குறைவு, நோய் என்று சொல்பவர்களோ மிகச் சொற்பம். பீகார்க்காரருக்கு இரும்பு உடம்பு என்று அர்த்தமில்லை. படிப்பும் ஆஸ்பத்திரியும் எட்டாத இடத்தில் மூச்சிரைப்பும் மூட்டுவலியும் ‘வயசானா வர்றதுதானே’ என்று போய்விடுகின்றன. நோய் என்று சொல்லவே ஒரு டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது!

அதிகாரிகளும் இங்கே உஷாராக இருக்க வேண்டும். ‘உங்களுக்கு என்ன நோய்?’ என்று வாய்வார்த்தையாகக் கேட்டு மட்டும் கணக்கெடுத்தால், வசதியில்லாத பகுதி ஆரோக்கியமானதாகத் தெரியும். பிறகு அங்கே மருத்துவர் எதற்கு, கட்டில் எதற்கு?

சென்னைக்கு வருவோம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2000-ஆம் ஆண்டு தொடங்கி நகரத்தின் நடுவிலிருந்தும் ஆற்றங்கரைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை இங்கே குடியேற்றினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு இன்னும் பலர் வந்தார்கள். கான்கிரீட் வீடு கிடைத்தது, சரி. ஆனால் ராயப்பேட்டையிலோ சென்ட்ரல் எதிரிலோ இருந்த பெரிய ஆஸ்பத்திரி, நடந்து போகும் தூரத்திலிருந்து பஸ் மாறிப் போகும் தூரத்துக்குத் தள்ளிப் போனது. வீட்டுவேலைக்குப் போகும் அம்மாவுக்குக் காலை ஓ.பி. வரிசை என்றால் அன்றைய கூலி போச்சு. மாடியில் இருக்கும் பெரியவருக்கு லிஃப்ட் நின்றால் மாத்திரை வாங்கப் போவதும் நின்றுவிடும்.

அப்புறம் என்ன நடக்கும்? மருந்துக்கடை. ‘வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்கண்ணா.’ டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தினமும் விழுங்கினால் ரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரகம் கெடலாம். வலி மட்டும் அடங்கும். ஆக ‘இப்ப பரவாயில்லை.’

இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. ஏழைப் பகுதியில் ஒருவர் ‘உடம்பு முடியலைங்க’ என்றால், ‘இதுங்களுக்கு வேற வேலையில்ல’ என்று தட்டிக்கழிப்பது. 1997-இல் இட்லர், பென்யாமினி என்ற இரு ஆய்வாளர்கள் 27 ஆய்வுகளை அலசினார்கள். தன் உடல்நிலை மோசம் என்று தானே சொல்பவர்கள் முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு அதிகம் என்று அவற்றில் மிகப்பெரும்பாலானவை காட்டின. ஏற்கெனவே தெரிந்த நோய்களைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். குப்பையும் கொசுவும் வேலைக்கான அலைச்சலும் உடம்புக்குள் சேர்வது ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடாது. அதைச் சுமப்பவருக்குத் தெரியும்.

ஆகவே ‘முடியலை’ என்றால் நம்புங்கள். ‘நல்லா இருக்கேன்’ என்றால் அளந்து பாருங்கள். அளப்பதற்குக் காசு வேண்டாம், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை இரண்டையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். வீடு மாறியவர்கள் பழைய மருத்துவச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். புதுப் பகுதியின் சுகாதார நிலையத்தில் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உங்கள் தெருவுக்கு வரவில்லையென்றால் கவுன்சிலரிடமோ ஊராட்சித் தலைவரிடமோ எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். சந்தேகம் கேட்க 104. நெஞ்சு அடைத்தாலோ, முகம் ஒருபக்கம் கோணினாலோ, கை திடீரென மரத்துத் தொங்கினாலோ ‘காலையில பாத்துக்கலாம்’ வேண்டாம். உடனே 108.