பாரசீக யானையும் திரிசடைக் கப்பலும்

1999-இல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்ற கம்ப்யூட்டர் ஆட்டம் வந்தபோது அதில் 13 நாகரிகங்கள் இருந்தன. வைக்கிங், மங்கோலியர், ஜப்பானியர் எல்லாரும் உண்டு. இந்தியர் மட்டும் இல்லை. மும்பையில் தாராவியிலும் செம்பூரிலும் சைபர் கஃபேக்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. லேமிங்டன் ரோட்டு நடைபாதையில் வாங்கிய திருட்டு சிடி ஒன்று நாலைந்து கம்ப்யூட்டர்களில் ஏறிவிடும். அங்கே கூடிய தமிழ்ப் பிள்ளைகளில் பலர் பாரசீகரைத் தேர்ந்தெடுத்தார்கள். போர் யானை அவர்களிடம்தான் இருந்தது.

அந்த யானையைச் சோழ யானை என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். ஆட்டத்தோடு வந்த எடிட்டரில் கொஞ்சம் நீலத்தைப் பரப்பினால் வங்கக் கடல். மூலையில் நாலு மரம் நட்டால் கடாரம். வைக்கிங் கப்பலில் ராஜேந்திர சோழன் போனான். போர்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மாட்டுங்கா வீடுகளின் பரண்களில் பைண்டு செய்து கிடந்த கல்கி, சாண்டில்யன் தொடர்களிலிருந்து வந்தது. தப்பும் தவறுமான வரலாறுதான், ஆனால் சொந்தக் கைவேலை.

2013-இல் ‘தி ஃபர்காட்டன்’ விரிவாக்கத்தில் இந்தியர் ஒரே நாகரிகமாக வந்தார்கள். காஷ்மீர் முதல் குமரி வரை எல்லாரும் அதற்குள் அடக்கம். 2022 ஏப்ரல் 28-இல் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ அதை இந்துஸ்தானியர், குர்ஜரர், வங்காளியர், திராவிடர் என நான்காகப் பிரித்தது. நாகரிகங்களின் கணக்கு 42 ஆயிற்று. திராவிடருக்கு உருமி என்ற சுருள்வாளைச் சுழற்றும் வீரனும் திரிசடை என்ற பெருங்கப்பலும் கிடைத்தன. ராஜேந்திரனுக்கென்று தனிப் போர்த்தொடரும் வந்தது. மவுஸால் தட்டினால் படைவீரன் தமிழில் பதில் சொல்கிறான். குதிரைப்படை மட்டும் நோஞ்சான். அதிலும் நியாயம் உண்டு: தென்னாட்டு மன்னர்கள் குதிரையை அரேபியாவிலிருந்து கப்பலில்தான் வரவழைத்தார்கள்.

இன்று அந்தக் கஃபேக்களில் பலவும் மொபைல் ரிப்பேர் கடை, ஜெராக்ஸ் கடை என்று மாறிவிட்டன. பையன்கள் போனில் துப்பாக்கிச் சண்டை போடுகிறார்கள். மணிக்கணக்கில் ஊர் கட்டிப் படை திரட்டும் ஆட்டத்துக்கு லேப்டாப்பும் பொறுமையும் வேண்டும். அவை வாய்த்தவன் செம்பூர் ஃப்ளாட்டில் தனியே உட்கார்ந்து, முகம் தெரியாத பிரேசில்காரனோடு மோதுகிறான். முன்பு தோற்றவன் பக்கத்து நாற்காலியிலிருந்து இந்தியும் திருநெல்வேலித் தமிழும் கலந்த கேலியைக் கேட்டுக்கொண்டுதான் எழுந்து போக வேண்டும். இப்போது தோல்வி யாருக்கும் தெரிவதில்லை. வசதிதான், என்றாலும் ஆட்டத்தில் பாதி அந்தக் கேலியில்தான் இருந்தது.

அதே ஆட்டத்தில் பழங்காலப் போர்களின் முறை இப்போது வந்திருக்கிறது. 2024-இல் கிரேக்க–பாரசீகப் போர்களும், 2025-இல் அலெக்சாண்டரும் விரிவாக்கங்களாக வந்தன. இரண்டாவதில் போரஸின் புரு நாடு உண்டு. பழைய இந்தியா உள்ளே நுழைய அலெக்சாண்டர் தேவைப்பட்டிருக்கிறார். சங்க காலம் இன்னும் வெளியேதான். என்னைக் கேட்டால், முதலில் தலையாலங்கானப் போரை எடுக்கலாம். சேரன், சோழன், வேளிர் ஐவர் என ஏழு பேர் ஒரு பக்கம். இளவயதுப் பாண்டியன் நெடுஞ்செழியன் மறுபக்கம். தற்காத்து நின்று பிறகு பாயும் ஆட்டத்துக்கு இதைவிட நல்ல களம் கிடைக்காது.

மும்பைக்கே உரிய போர்களும் இருக்கின்றன. போரிவிலியின் எக்சர் பகுதியில் உள்ள நடுகற்களில் துடுப்புகள் வரிசையிட்ட போர்க்கப்பல்கள் மோதுகின்றன. தாராவிக்குள்ளேயே, மித்தி ஆற்றோரம், 1737-இல் ஆங்கிலேயர் கட்டிய காலா கிலா நிற்கிறது. திரையில் கோட்டை பிடித்த பிள்ளைகளுக்கு அது குப்பை சேரும் பழைய சுவர்.

இந்த மும்பைப் போர்களில் பழையது புரியின் போர். கொங்கண மோரியரின் தலைநகரான புரியைச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி நூற்றுக்கணக்கான கப்பல்களோடு தாக்கியதை 634-ஆம் ஆண்டின் ஐஹொளெக் கல்வெட்டு சொல்கிறது. அந்தக் கப்பல்களை மதயானைகளுக்கு ஒப்பிடுகிறது. புரி என்பது கேட்வேயிலிருந்து படகேறிப் போகும் காராப்புரி, அதாவது எலிஃபண்டா தீவு என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. இந்தக் கடற்போரையும், 642-இல் காஞ்சிப் பல்லவன் நரசிம்மவர்மன் புலிகேசியின் வாதாபியை வீழ்த்திய முற்றுகையையும் ஒரே விரிவாக்கத்தில் வைக்கலாம். கல்கி படித்த மாட்டுங்கா வீட்டுப் பிள்ளை முதல் ஆட்டத்தில் மும்பைக்காரனாகவும் அடுத்ததில் காஞ்சிக்காரனாகவும் ஆடுவான். இரண்டிலும் எதிரி புலிகேசிதான்.