ஞானப் பெற்றோருக்குத் தகுதி இல்லையெனில் திருமுழுக்கு செல்லாதா? திருச்சபைச் சட்டம் கூறுவது என்ன?

குழந்தையின் திருமுழுக்கில் ஞானத் தந்தையாகவோ ஞானத் தாயாகவோ நின்றவருக்கு உரிய தகுதி இல்லை எனப் பின்னர் தெரியவந்தால், அந்தத் திருமுழுக்கு செல்லாததாகிவிடுமா? கத்தோலிக்கப் பெற்றோர் பலருக்கு எழும் இந்த ஐயத்துக்கு, ‘ஆகாது’ என்பதே திருச்சபைச் சட்டத்தின் தெளிவான விடை.

செல்லுபடிக்கு எது தேவை?

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 849-ஆவது பிரிவின்படி, உண்மையான நீரால் கழுவுதலும் உரிய வாய்பாட்டைச் சொல்லுதலும் இன்றியமையாதவை. திருமுழுக்கு அளிப்பவருக்கு, திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணமும் இருக்க வேண்டும். ஞானப் பெற்றோர் இந்தப் பட்டியலில் இல்லை. உயிருக்கு ஆபத்தான நிலையிலுள்ள குழந்தைக்கு, சரியான எண்ணத்துடன் செவிலியர் ஒருவர் அளிக்கும் திருமுழுக்கும் செல்லும்.

மாறாக, வாய்பாடு பிழைத்தால் நிலைமை வேறு. ‘நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்’ என்பதற்குப் பதிலாக ‘நாங்கள்’ எனச் சொல்லி அளிக்கப்பட்ட திருமுழுக்கு செல்லாது என 2020-இல் வத்திக்கான் அறிவித்தது.

யார் ஞானப் பெற்றோர் ஆகலாம்?

ஒருவர் போதும்; இருவர் எனில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருக்கலாம். 874-ஆவது பிரிவின்படி அவர் 16 வயது நிறைந்தவராக, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராக, நம்பிக்கைக்கு ஏற்ப வாழ்பவராக இருத்தல் வேண்டும். வயது வரம்பில் பங்குத்தந்தை விலக்கு அளிக்கலாம். குழந்தையின் தாயோ தந்தையோ இப்பொறுப்பை ஏற்க இயலாது. திருமுழுக்குப் பெற்ற பிற சபைக் கிறிஸ்தவர், கத்தோலிக்க ஞானப் பெற்றோர் ஒருவருடன் சேர்ந்து சாட்சியாக மட்டும் நிற்கலாம்.

கேரளத்தை மையமாகக் கொண்ட சீரோ மலபார், சீரோ மலங்கரா திருச்சபைகளுக்கு 1990-இல் வெளியான கிழக்கத்தியத் திருச்சபைகளின் சட்டத் தொகுப்பு பொருந்தும். குறைந்தது ஒரு ஞானப் பெற்றோராவது வேண்டும் என்பதைத் தொன்மையான மரபாக அது குறிப்பிடுகிறது.

ஒருவரும் இல்லையெனில்?

‘இயன்றவரை’ ஞானப் பெற்றோர் இருக்க வேண்டும் என்றே சட்டம் கூறுகிறது. இல்லாதபோது, திருமுழுக்கு நடந்ததை மெய்ப்பிக்க ஒரு சாட்சியேனும் வேண்டும். பின்னாளில் திருமணத்துக்குத் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்கப்படும் என்பதால் பங்குப் பதிவேட்டில் பதிவு அவசியம். இத்தாலியின் கட்டானியா மறைமாவட்டம் 2021 அக்டோபர் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஞானப் பெற்றோர் முறையையே நிறுத்திவைத்தது, திருமுழுக்குகள் தொடர்ந்தன.

செல்லுபடியான திருமுழுக்கை மீண்டும் அளிக்க முடியாது. முன்னர் நின்றவர் தகுதியற்றவர் என்ற கவலை இருப்பின், குழந்தை வளர்ந்து உறுதிப்பூசுதல் பெறும்போது தகுதியுள்ள வேறொருவரைத் துணையாகத் தேர்ந்தெடுக்கச் சட்டம் இடமளிக்கிறது.