சங்கு தின்ற சுண்ணாம்பு

(திருப்புதல் நேரம் – 9)

கலவைகளைப் பிரித்தல் ஒரு வகுப்பில். பாய்மங்கள் இன்னொரு வகுப்பில். சவ்வூடு பரவல் உயிரியலில், பாறைச் சிதைவு புவியியலில். திருப்புதல் தேர்வுக்கு உட்காரும் பிள்ளைகள் இவற்றைத் தனித்தனி நாளில் படித்து, தனித்தனி நாளில் மறந்தும் விடுகிறார்கள். இந்த வாரம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். இடம், தூத்துக்குடி உப்பளம்.

"உப்பு எப்படிக் கிடைக்கிறது?" என்ற கேள்விக்கு, "கடல்நீரை ஆவியாக்கி" என்று எழுதினால் மதிப்பெண் விழும். ஆனால், ஒரு தட்டு நிறையக் கடல்நீரை ஊற்றிக் கடைசிச் சொட்டுவரை காயவிட்டு, மிஞ்சுவதைக் குழம்பில் போட்டுப் பாருங்கள். கசக்கும். கடல்நீரில் இருப்பது ஒரே உப்பு அல்ல. பல உப்புகளின் கூட்டம். அதிலிருந்து சாப்பாட்டு உப்பை மட்டும் பிரித்தெடுப்பதில்தான் உப்பளத்துக்காரரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

அவர் நம்புவது கரைதிறனை. தண்ணீர் வற்ற வற்ற, எது குறைவாகக் கரையுமோ அது முதலில் வெளியேறும். முதலில் சுண்ணாம்புச் சத்து படியும். அடுத்து ஜிப்சம். அதன் பிறகே நம் சோடியம் குளோரைடு. அதனால்தான் தண்ணீரை ஒரே பாத்தியில் தேக்கி வைப்பதில்லை. பாத்தி பாத்தியாக நகர்த்திக்கொண்டே போகிறார்கள். எப்போது நகர்த்துவது என்பதைச் சொல்ல, தண்ணீரில் மிதக்கும் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. அடர்த்தி ஏற ஏற அது மேலே எழும்பும், ஆர்க்கிமிடிஸ் தத்துவம்தான். கடல்நீரில் அடர்த்தி அளவாக 3 டிகிரியை ஒட்டிக் காட்டும் அந்தக் குழாய், 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30 ஆனதும் மீதி நீரை வடித்துவிட வேண்டும். அதில் தேங்கியிருப்பது மக்னீசிய உப்புகள். கசப்பின் காரணம் அவைதான்; நாட்டு மருந்துக் கடைப் பேதியுப்பும் அந்த வகையறாவே.

வெயிலின் பங்கை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ கடல்நீரில் சோடியம் குளோரைடு ஏறத்தாழ 27 கிராம். ஒரு கிலோ உப்பு வேண்டுமென்றால், ஒரு சிட்டிகையும் வீணாகாமல் எடுத்தாலும் 37 கிலோ, அதாவது சுமார் 36 லிட்டர் நீர் தேவை. அதில் பெரும்பகுதியை ஆவியாக்கியாக வேண்டும். ஒரு லிட்டரை ஆவியாக்க உள்ளுறை வெப்பம் சுமார் 2,400 கிலோஜூல். பெருக்கி, மின்சாரக் கணக்குக்கு மாற்றினால் 24 யூனிட் வருகிறது. ஒரு கிலோ கல் உப்புக்கு 24 யூனிட்! மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டியதை வெயிலும் காற்றும் இலவசமாகக் கொடுக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்டு வீசுவது தூத்துக்குடிக்கு வாய்த்த வரம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்தால் கதை முடிந்தது.

கொஞ்சம் உயிரியல். மாங்காயில் உப்பைப் போட்டால் தண்ணீர் விடுகிறதே, அது சவ்வூடு பரவல். அந்த உப்பில் கிருமிகளும் வற்றிப்போவதால்தான் ஊறுகாய் கெடுவதில்லை. அப்படியானால் செறிந்த உப்புப் பாத்தியில் எதுவும் வாழக் கூடாது. ஆனால் பல உப்பளங்களில் பாத்தித் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும். டுனாலியெல்லா என்ற ஒருசெல் பாசியும், உப்பை விரும்பும் ஆர்க்கியா நுண்ணுயிரிகளும் பூசிய நிறம் அது. இந்தப் பாசி தன் செல்லுக்குள் கிளிசராலைச் சேர்த்துவைத்து, வெளியே உள்ள உப்பின் இழுப்பைச் சமன்செய்கிறது. கடும் வெயிலுக்குக் கேரட்டில் உள்ள அதே பீட்டா கரோட்டின் கவசம். சிவந்த நீர் வெயிலை அதிகம் உறிஞ்சுவதால் சீக்கிரம் வற்றவும் செய்யும்.

எனக்குப் பிடித்த கேள்விக்கு இப்போது வரலாம். கடலுக்குச் சோடியம் எங்கிருந்து வந்தது? மழைநீர் பாறையைச் சிதைத்தது, ஆறு கொண்டுவந்து சேர்த்தது என்று புத்தகம் சொல்லும். சரிதான். குளோரின் பெரும்பாலும் எரிமலை வாயுக்களிலிருந்து வந்தது. ஆனால், உலக ஆறுகளைச் சராசரியாகப் பார்த்தால், அவை கொண்டுவருவதில் சோடியத்தைவிடக் கால்சியம் இரு மடங்குக்கு மேல். கடலிலோ சோடியம்தான் கால்சியத்தைப்போல 25 மடங்கு. ஆறு கொட்டிய கால்சியம் எங்கே?

உயிர்கள் எடுத்துக்கொண்டன. சங்கு, சிப்பி, பவளப்பாறை, கண்ணுக்குத் தெரியாத ஓட்டுயிரிகள் எல்லாம் கால்சியத்தை உறிஞ்சி ஓடு கட்டுகின்றன. தூத்துக்குடிக்கு எதிரே மன்னார் வளைகுடாவில் இந்த வேலை இன்றும் நடக்கிறது. வெற்றிலையில் தடவும் கிளிஞ்சல் சுண்ணாம்பு, என்றோ ஓர் ஆறு பாறையிலிருந்து கரைத்துவந்த கால்சியம்தான். சோடியத்தை அப்படி ஓடாக்கிக்கொள்ள எந்த உயிரும் இல்லாததால் அது கடலிலேயே தங்கிச் சேர்ந்தது.

வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த எட்மண்ட் ஹாலி 1715இல், கடலில் இப்படிச் சேர்ந்துவரும் உப்பை வைத்துப் பூமியின் வயதைச் சொல்லலாம் என்று யோசனை சொன்னார். 1899இல் டப்ளினைச் சேர்ந்த ஜான் ஜோலி அந்தக் கணக்கைப் போட்டே பார்த்தார். கடலிலுள்ள மொத்தச் சோடியத்தை, ஆண்டுதோறும் ஆறுகள் கொண்டுவரும் சோடியத்தால் வகுத்தார். சுமார் 9 கோடி ஆண்டு என்று விடை வந்தது. இன்று நாம் அறிந்த வயது 454 கோடி. வகுத்தலில் தவறில்லை, கடலுக்குள் போன சோடியம் வெளியே வராது என்று எண்ணியதுதான் பிழை. சோடியம் கடலடிச் சேற்றிலும் பாறையிலும் சிக்குகிறது. சில சமயம் ஒரு கடலே வற்றி, மனிதர் யாருமில்லாத உப்பளமாகி, மண்மூடிப் போகிறது. பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கம் அப்படிப்பட்ட இடம். அங்கே உப்பு படிந்து 50 கோடி ஆண்டுக்கு மேலாகிறது. பெரிய கடைகளில் 'இமயமலை உப்பு' என்று விலை ஏற்றி விற்றுவந்த இந்துப்பு பெரும்பாலும் அங்கிருந்து வெட்டியதே. மலை உப்பு என்ற பெயரில் நாம் வாங்குவதும் கடல் உப்புதான்.