கிணற்றுக்கேற்ற நீர்ப்பம்பி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கற் பாறையினூடாக ஊறிச் சேரும் நிலத்தடி நீரே அங்கு வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் மரக்கறிக்கும் ஆதாரமாகும். முன்னாளில் அந்நீரைத் துலாவினால் இறைத்தனர். ஒருவரோ இருவரோ துலாவின்மீது முன்னும் பின்னும் நடக்க, மற்றொருவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் நீரை ஊற்றுவார். சில கிணறுகளில் மாடு பூட்டிய சூத்திரம் சுழன்றது. 1950களிலும் 1960களிலும் எஞ்சின் பூட்டிய நீர்ப்பம்பிகள் பரவின. பலர் கூடிச் செய்த வேலையை ஒரு பம்பி எளிதிற் செய்து முடித்தது.

ஆயினும் துலாவிற்கிருந்த ஒரு நற்பண்பு பம்பிக்கு இல்லை. துலா மிதிப்பவர் களைத்தபோது இறைப்பு நின்றது. கிணறு ஊறுவதற்கு அவகாசம் கிடைத்தது. பம்பியோ களைப்பதில்லை. ஆகவே பம்பி வாங்கும் கமக்காரர் அதன் வகையையும், அது இயங்கும் முறையையும், தமது கிணற்றின் இயல்பையும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும்.

நீர் மேலேறும் காரணம்

பம்பி நீரை இழுக்கின்றது என்று சொல்வது வழக்கம். உண்மையில் பம்பி தன்னுள்ளே அமுக்கத்தைக் குறைக்கின்றது. கிணற்று நீரின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலமே நீரைக் குழாயினுள் மேலே தள்ளுகின்றது. கடல்மட்டத்தில் வளிமண்டலம் தாங்கக்கூடிய நீரின் உயரம் ஏறத்தாழ 34 அடியாகும். எவ்வளவு வலுவுள்ள எஞ்சினைப் பூட்டினாலும் இவ்வெல்லையைக் கடந்து நீரை உறிஞ்ச இயலாது. குழாயின் உராய்வு முதலிய இழப்புக்களால், நடைமுறையில் 20 அடிக்கு உட்பட உறிஞ்சுவதே நன்று. கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உயர்ந்துள்ள நுவரெலியாவில் 34 அடி என்னும் எல்லை 27 அடியளவாகக் குறைகின்றது. ஆகவே மலைநாட்டில் மரக்கறி செய்வோர் பம்பியை நீர்மட்டத்திற்கு மேலும் அண்மையில் வைத்தல் வேண்டும்.

கிணற்றின் நீர்மட்டம் கோடையில் 20 அடிக்குக் கீழே போகுமாயின், பெரிய எஞ்சின் வாங்குவதாற் பயனில்லை. கிணற்றினுள் உறுதியான தட்டு அமைத்துப் பம்பியைத் தாழ்த்துதல் ஒரு வழி. எனினும் எஞ்சினைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டுதல் ஆகாது. அதன் நச்சுப்புகை கிணற்றினுள் தங்கி, இறங்குபவரின் உயிரைக் கவரும். மின்சாரத்தால் இயங்கும் பம்பியையே அவ்வாறு தாழ்த்தலாம்.

பம்பியின் வகைகள்

மையநீக்கப் பம்பி: தோட்டங்களிற் பெரிதும் காணப்படுவது இதுவே. சிப்பிபோன்ற கூட்டினுள் வளைந்த அலகுகளையுடைய சில்லொன்று விரைவாகச் சுழலும். நடுவில் நுழையும் நீர் விளிம்பை நோக்கி வீசப்பட்டு, விடுகுழாய் வழியே வெளியேறும். நடுவில் அமுக்கம் குறைய, கிணற்று நீர் அவ்விடத்தை நிரப்பும். காற்றை இவ்வாறு வீசி வெளியேற்ற இப்பம்பியால் இயலாது. ஆகையால் ஓட்டத் தொடங்குமுன் கூட்டையும் உறிஞ்சு குழாயையும் நீரால் நிரப்புதல் அவசியம். நிரப்பிய நீர் வழிந்து போகாமற் காப்பது குழாயின் அடியிலுள்ள ‘புட்வால்வு’ ஆகும்.

முசலப் பம்பி: உருளையினுள் முசலம் மேலும் கீழும் அசைய, வால்வுகள் மாறிமாறித் திறந்து மூடி நீரை உயர்த்தும். ஒவ்வோர் அசைவிலும் குறித்த அளவு நீரே வரும். குடிநீர்க் குழாய்க்கிணறுகளிலுள்ள கைப்பம்பி இவ்வகையைச் சேர்ந்தது. ஆழமான கிணறுகளில் உருளையே நீரினுள் இறக்கப்படுவதால், உறிஞ்சும் எல்லை அங்கே தடையாகாது.

நீர்மூழ்கிப் பம்பி: மின்மோட்டரும் சில்லுகளும் ஒரே உறையில் அமைந்து நீரினுள் மூழ்கியிருக்கும். இது நீரை உறிஞ்சாது, கீழிருந்து மேலே தள்ளுவதால் ஆழமான குழாய்க்கிணறுகளுக்கு ஏற்றது. சூழவுள்ள நீரே மோட்டரைக் குளிர்விப்பதால், நீர் வற்றியபின் ஓடினால் மோட்டர் எரிந்துபோகும்.

அச்சுவழிப் பம்பி: குழாயினுள் விசிறிபோன்ற அலகுகள் சுழன்று நீரை நேரே முன்தள்ளும். மிகுந்த நீரைக் குறைந்த உயரத்திற்கு ஏற்றுவதில் இது சிறந்தது. வாய்க்காலிலிருந்து சற்று மேடான வயலுக்கு நீர் ஏற்றுவதற்கும், வெள்ளம் தேங்கிய வயலை வடிப்பதற்கும் நெற்செய்கையாளர் இதனைப் பயன்படுத்தலாம்.

குழாயிற் செய்யும் சிக்கனம் வீண் சிக்கனமே

விலை குறைவென்று ஒடுங்கிய குழாயைப் பூட்டுவோர் உளர். ஒரே அளவு நீர் ஓடும்போது, குழாயின் விட்டம் பாதியானால் உராய்வினால் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ 32 மடங்காகும். அவ்விழப்பை ஈடுசெய்வது கமக்காரர் வாங்கும் எரிபொருளே. உறிஞ்சு குழாய் பம்பியின் வாயிலும் சிறிதாக இருத்தலாகாது. அது குறுகியதாகவும், வளைவு குறைந்ததாகவும், பம்பியை நோக்கிப் படிப்படியாக உயர்வதாகவும் இருத்தல் வேண்டும். இடையில் மேடு விழுந்தால் அங்கே காற்றுத் தங்கும். பொருத்துகளில் ஊசிமுனையளவு துவாரம் இருப்பினும் காற்றுப் புகுந்து இறைப்பு நின்றுவிடும். ஓடும் பம்பியினுள் கூழாங்கற்கள் உருளுவதுபோன்ற ஓசை கேட்குமாயின், பெரும்பாலும் உறிஞ்சும் உயரம் மிகுந்துவிட்டது அல்லது அடிச்சல்லடை அடைத்துக்கொண்டது என அறிக. உடனே நிறுத்திச் சரிசெய்யாவிடின் சில்லு அரிக்கப்பட்டுவிடும்.

வேண்டிய வலு

செக்கனுக்கு 5 லீற்றர் நீரை 30 அடி உயர்த்துவதற்கு வேண்டிய வலு 0.6 குதிரைவலு மட்டுமே. பம்பியில் அரைப்பங்கு வீணாயினும் 1.2 குதிரைவலு போதும். அதற்கு 2 குதிரைவலு எஞ்சின் தாராளமாகும்; 5 குதிரைவலு எஞ்சின் பணவிரயமாகும். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, வேண்டாத வலுவின் செலவைக் கமக்காரர் பலர் நன்கு உணர்ந்தனர்.

கிணற்றின் ஊற்றை அளத்தல்

பம்பி தரும் நீரை முடிவு செய்வது கடைக்காரரின் அட்டவணையன்று, கிணற்றின் ஊற்றே. அதனை அளப்பது எளிது. 12 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓரடி நீர் சுமார் 3,200 லீற்றராகும். வரண்ட காலத்தில் வழக்கம்போல் இறைத்து நிறுத்தியபின், அடையாளமிட்ட கயிற்றை விட்டு ஒரு மணி நேரத்தில் நீர் எவ்வளவு உயர்கின்றது எனப் பார்த்தல் வேண்டும். ஓரடி உயருமாயின், அந்த மட்டத்தில் ஊற்று மணிக்கு 3,200 லீற்றர் ஆகும். செக்கனுக்கு 5 லீற்றர் இறைக்கும் பம்பி மணிக்கு 18,000 லீற்றரை வெளியேற்றும். அங்ஙனமாயின் நீர்மட்டம் மணிக்கு நாலரை அடிக்கு மேல் தாழும். அக்கிணற்றிற்குச் சிறிய பம்பியே தக்கது. அன்றேல் சிறிது நேரம் இறைத்து, நெடுநேரம் ஊறவிடுதல் வேண்டும். ஒரு பரப்பு நிலத்திற்கு ஓரங்குல நீர் பாய்ச்ச ஏறத்தாழ 6,400 லீற்றர் போதுமென்பதையும் நினைவிற் கொள்க.

உவர்நீர் என்னும் அபாயம்

கரையோரக் கிணறுகளில் இவ்வளவு கவனம் வேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. நிலத்தடியில் நன்னீர், பாரமான உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழ் ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் நிற்கும் என்பது அறிஞர் கண்ட கணக்கு. எனவே நன்னீரின் மட்டம் நிலையாக ஓரடி தாழ்ந்தால், கீழுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடிவரை மேலேற இடமுண்டு. கிணற்றை ஒரே மூச்சில் வற்ற இறைப்பவர் தமக்குக் கீழேயுள்ள உவர்நீரையும் மேலே அழைக்கின்றார். ஒருமுறை உவர்ப்பேறிய கிணறு மீள்வதற்குப் பல மாரி செல்லலாம்; அயலவரின் கிணறும் அதனோடு கெடலாம்.

சூரிய சக்தியால் இயங்கும் பம்பிகள் இன்று பயன்பாட்டிற்கு வந்துள்ளன. எரிபொருட் செலவின்றி அவை பகல் முழுவதும் ஓடக்கூடியன. செலவில்லை என்பதனால் நிறுத்தாது ஓட்டுதல் பெருந் தவறாகும். நீர்த்தொட்டியை நிரப்பி, தேவைக்கேற்பத் தூவல் முறையாலோ சொட்டு நீர் முறையாலோ பாய்ச்சுதல் சிறந்தது.

ஆகவே பம்பி வாங்க எண்ணும் கமக்காரர், முதலிற் கோடைகால நீர்மட்டத்தின் ஆழத்தையும், கிணற்றின் ஊற்றையும், பாய்ச்ச வேண்டிய பரப்பையும் அளந்து குறித்துக்கொள்ளல் வேண்டும். அக்குறிப்புடன் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெற்றபின் கடைக்குச் செல்லலாம். பம்பி பழுதானால் வேறொன்று வாங்கலாம். கிணறு பழுதானால் வாங்குவதற்கு வேறு கிணறு இல்லை.