கல் தேரும் கண்

நுழையும்முன்
நிலவியல், நடந்து கற்கும் அறிவியல். கல்லைக் கையிலெடுத்து, உடைத்து, உற்றுநோக்கி, அது பிறந்த வரலாற்றை அறிவதே கள ஆய்வு. மனிதர் சென்று சேராத கோளில் அப்பணியை எவ்வாறு செய்வது? பார்க்கத்தக்க கல் எது என்பதைப் பொறியே முடிவு செய்ய இயலுமா?

நிலவில் ஒரு நிலவியலாளர்
1972ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அப்பல்லோ 17 பயணத்தில் ஹாரிசன் சிமிட் நிலவில் நடந்தார். அவர் முறையாகப் பயின்ற நிலவியலாளர். எங்கும் சாம்பல் நிறம் பரவிய நிலப்பரப்பில், ஷார்ட்டி என்னும் பள்ளத்தின் விளிம்பில் செம்மஞ்சள் நிற மண்ணைக் கண்டார். உடனே அவ்விடத்தைத் தோண்டி மண்ணைச் சேகரித்தார். அம்மண் நுண்ணிய கண்ணாடி மணிகளால் ஆனது என்பதும், ஏறத்தாழ 360 கோடி ஆண்டுகளுக்குமுன் எரிமலைக் குழம்பு நீரூற்றுப்போலப் பீறிட்டபோது அம்மணிகள் உருவாயின என்பதும் பின்னர்த் தெரியவந்தன. பயின்ற கண் களத்தில் இருந்ததன் பயன் இது.

தொலைவு என்னும் தடை
செவ்வாயில் மனிதக் கண் இல்லை. புவியிலிருந்து புறப்படும் செய்தி அங்குச் சென்றடைய, கோள்களின் இருப்பிடத்திற்கேற்ப ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடங்கள் வரை ஆகும். ஆகவே, ஊர்திக்குரிய கட்டளைகள் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறையே தொகுத்து அனுப்பப்படுகின்றன. புதிய இடத்தை அடைந்த ஊர்தி, அங்குள்ள கற்களின் படங்களைப் புவிக்கு அனுப்பிவிட்டு, அறிவியலாளரின் மறுமொழிக்காகக் காத்திருக்க வேண்டும். ஊர்தியின் வாழ்நாளோ அளவுக்குட்பட்டது.

தேர்ந்தெடுக்கும் பொறி
இக்குறையைப் போக்க நாசா அறிவியலாளர் உருவாக்கிய மென்பொருள் ஏஜிஸ். அது ஊர்தி எடுத்த படத்தில் கற்களின் விளிம்புகளைக் கண்டறிகிறது; அவற்றின் அளவு, வடிவம், ஒளிர்வு ஆகியவற்றைக் கணிக்கிறது; அறிவியலாளர் முன்னரே வகுத்த அளவுகோலின்படி அவற்றைத் தரவரிசைப்படுத்துகிறது. முதலிடம் பெற்ற கல்லின்மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, அதன் வேதி இயைபை ஊர்தி ஆராய்கிறது. 2016ஆம் ஆண்டுமுதல் கியூரியாசிட்டி ஊர்தியில் இது பயன்பட்டு வருகிறது. இத்தகைய அறிவுத்திறன் இன்றிக் குறிவைத்தால், விரும்பிய வகைப் பாறை அமையும் வாய்ப்பு 24 விழுக்காடு என மதிப்பிடப்பட்டது. ஏஜிஸ் குறிவைத்தபோது அது 93 விழுக்காடாக உயர்ந்தது. ஜெசீரோ பள்ளத்தின் தளத்தில் தீப்பாறைகளைக் கண்டறிந்த பெர்சிவரன்சு ஊர்தியும் இம்மென்பொருளைக் கொண்டுள்ளது.

எதிர்பாராதது
எனினும், ஏஜிஸ் பின்பற்றும் அளவுகோல் மனிதர் வகுத்ததே. எவரும் எதிர்பாராத ஒன்றை அளவுகோலுக்குள் எவ்வாறு அடக்குவது? 2004ஆம் ஆண்டு குசெவ் பள்ளத்தில் இறங்கிய ஸ்பிரிட் ஊர்தி, ஏரிப் படிவுகளைத் தேடிச் சென்றது. ஆனால், அங்கு எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறைகளையே முதலில் கண்டது. 2006இல் அதன் சக்கரங்களுள் ஒன்று சுழலாமல் நின்றுபோனது. அச்சக்கரத்தை இழுத்தபடியே ஊர்தி நகர்ந்தது. 2007இல், சக்கரம் கீறிய தடத்தில் வெண்ணிற மண் வெளிப்பட்டது. அதில் ஏறத்தாழ 90 விழுக்காடு சிலிக்கா இருந்தது. எரிமலைச் சூழலில் வெந்நீரோ நீராவியோ செயற்பட்டதற்கான சான்று அது. பழுதான சக்கரம் மண்ணைப் புரட்டியது. அவ்வெண்மையின் பொருளை மனித அறிவு உணர்ந்தது.

நிறைவாக
பொறி காலத்தை மீட்டுத் தருகிறது. மனிதர் உறங்கும் வேளையிலும் கல்லைத் தேர்ந்து ஆராய்கிறது. ஆயினும், அறிந்தவற்றை மட்டுமே தேடுமாறு அதனைப் பணித்தால், அறிந்தவற்றையே மீண்டும் மீண்டும் காண்போம். ஆகவே, தேடும் பணியைப் பொறியிடம் ஒப்படைத்தாலும், வியக்கும் பணியை நாம் கைவிடலாகாது. நாளை தொலைகோள்களின் எரிமலை நிலங்களில் உலவப்போகும் பொறிகளுக்கு எதைக் கற்பிப்பது என்பதை முடிவு செய்வோர், இன்று நம் காலடியில் கிடக்கும் கல்லைக் குனிந்து பார்ப்போரே ஆவர்.