தனியார் ரொக்கெட்டுகளும் நமது கடலும்

இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவச் சுற்றுப்பாதைக்குச் செய்மதி ஏவும் ரொக்கெட், நேராகத் தெற்கே போவதில்லை. முதலில் தென்கிழக்காகப் பறந்து, பிறகுதான் தெற்கே திரும்புகிறது. நேர்வழியில் இலங்கை இருப்பதே காரணம். எரிந்து முடிந்து கழன்று விழும் பாகங்கள் நமது நிலத்தில் விழக் கூடாது.

இந்தத் திருப்பத்துக்கு மேலதிக எரிபொருள் தேவை. பெரிய ரொக்கெட் அதைத் தாங்கிக்கொள்ளும். சில நூறு கிலோ மாத்திரமே சுமக்கும் சிறிய ரொக்கெட்டுக்கு அது பெரும் இழப்பு. இந்தியாவின் தனியார் கம்பனிகள் தயாரிப்பது இத்தகைய சிறிய ரொக்கெட்டுகளைத்தான்.

2020 இல் இந்திய அரசு விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. அனுமதி வழங்க 'இன்-ஸ்பேஸ்' என்ற அமைப்பை உருவாக்கியது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஸ்கைரூட் கம்பனி 2022 நவம்பர் 18 இல் 'விக்ரம்-எஸ்' ரொக்கெட்டை ஏவியது. சென்னையின் அக்னிகுல், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய இயந்திரத்துடன் 2024 மே 30 இல் தனது ரொக்கெட்டைப் பறக்கவிட்டது. இவ்விரண்டும் சுற்றுப்பாதை வரை செல்லாத சோதனைப் பறப்புகள்.

சிறிய ரொக்கெட்டுகளுக்காகவே இரண்டாவது ஏவுதளம் ஒன்று தமிழகத்தின் குலசேகரன்பட்டினத்தில் அமைகிறது. 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. நம்மவர்களுக்கு நன்கு பழக்கமான காயல்பட்டினத்துக்குத் தெற்கே, திருச்செந்தூரை அடுத்துள்ள கரையோர ஊர் அது. அங்கிருந்து புறப்படும் ரொக்கெட் இலங்கையைச் சுற்ற வேண்டியதில்லை. நமது மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள கடலுக்கு மேலாக நேரே தெற்கே போகலாம்.

பேருவளையிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் பலநாள் படகுகள் மீன்பிடிக்கச் செல்லும் கடலும் அந்தப் பக்கம்தான்.

விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு? 1967 ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையின்படி, தனியார் கம்பனியின் செயலுக்கும் அந்த நாட்டு அரசே பொறுப்பு. 1972 ஆம் ஆண்டின் பொறுப்பு உடன்படிக்கை, பூமியின் மேற்பரப்பில் ஏற்படும் சேதத்துக்கு ஏவிய நாடு நட்டஈடு வழங்க வேண்டும் என்கிறது. தவறு நடந்ததாக நிரூபிக்க வேண்டியதுமில்லை. 1978 இல் சோவியத் செய்மதியொன்று கனடாவில் விழுந்தது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் 30 இலட்சம் கனேடிய டொலர் கிடைத்தது.

ஆனால் இந்த உடன்படிக்கையின் கீழ் மீனவர் ஒருவர் தாமாகப் போய் நட்டஈடு கேட்க முடியாது. அவருக்காக அரசாங்கமே, இராஜதந்திர வழியில், ஓராண்டுக்குள் கேட்க வேண்டும்.

தனியார் ரொக்கெட்டுகளை நாம் வெறுக்கத் தேவையில்லை. நமது 'ராவணா-1' செய்மதியும் 2019 இல் அமெரிக்கத் தனியார் கம்பனியொன்றின் ரொக்கெட்டில்தான் விண்வெளிக்குச் சென்றது. செலவு குறைந்தால் சிறிய நாடுகளுக்கும் பயன் உண்டு.

ஒவ்வொரு ஏவுதலுக்கு முன்பும் கடல், வான் எச்சரிக்கைகள் வெளியிடப்படுவது வழமை. அந்த எச்சரிக்கை ஆழ்கடலில் நிற்கும் படகுக்கு, மீனவருக்குப் புரியும் தமிழிலும் சிங்களத்திலும், உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும். சேதம் ஏற்பட்டால் எங்கு முறையிடுவது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குலசேகரன்பட்டினத்திலிருந்து ஏவுதல்கள் தொடங்குமுன் நமது அரசாங்கம் செய்து முடிக்க வேண்டிய வேலை இதுதான்.